விஜயநாராயணத்துக் கம்பங்களும் அணு ஆயுதப் போரும்

நாங்குநேரிக்குக் கிழக்கே விஜயநாராயணம் பக்கம் போனவர்கள் அந்தக் கம்பங்களைப் பார்த்திருப்பார்கள். பனையும் உடைமரமும் தவிர வேறு நிழல் இல்லாத பொட்டலில், வெகு தூரத்திலிருந்தே தெரியும்படி ஓங்கி நிற்கும். கிட்டே போக முடியாது. அது கடற்படையின் இடம், ஐ.என்.எஸ். கட்டபொம்மன்.

திசையன்விளையில் ஒரு கல்யாணத்துக்குப் போகும்போது, ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் அக்கா மகள் பஸ் ஜன்னல் வழியாக அதைக் காட்டிக் கேட்டாள்.

"மாமா, அது செல்போன் டவரா?"

"இல்லட்டி. நீர்மூழ்கிக் கப்பலுக்குச் செய்தி அனுப்புற கம்பம்."

"இங்கன கடலே இல்லியே. எதுக்கு இவ்வளவு உயரத்துல நிக்கு?"

கொஞ்ச நேரம் கழித்து அடுத்த கேள்வி வந்தது. "டிவியில அணுகுண்டு போடுவோம், போடுவோம்னு சொல்லுதாகளே. அப்புறம் ஏன் யாரும் போடல?"

இரண்டு கேள்விக்கும் பதில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. பஸ் சத்தத்தில் பாதிதான் சொல்ல முடிந்தது. அவளைப்போல் முதல்முறையாக இதைக் கேட்பவர்களுக்காக முழுவதையும் எழுதுகிறேன்.

முதலில் குண்டின் அளவு. 1945 ஆகஸ்ட் 6 அன்று ஹிரோஷிமாவில் அமெரிக்கா போட்ட குண்டின் வலிமை சுமார் 15 கிலோ டன். அதாவது 15,000 டன் வெடிமருந்தை ஒரே நொடியில் வெடித்ததற்குச் சமம். பத்து டன் ஏற்றும் லாரியில் அதைக் கொண்டுவந்தால் 1,500 லாரி வேண்டும். ஒன்றையொன்று ஒட்டி நிறுத்தினால், திருநெல்வேலியிலிருந்து நாங்குநேரி போகும் சாலையில் ஏறக்குறைய பாதி தூரத்துக்கு லாரிகளே நிற்கும். அவ்வளவும் ஒரு விமானத்தில் ஒற்றைக் குண்டாக வந்தது. மூன்று நாள் கழித்து நாகசாகி. அந்த ஆண்டு முடிவதற்குள் ஹிரோஷிமாவில் சுமார் 1,40,000 பேரும், நாகசாகியில் சுமார் 70,000 பேரும் இறந்தார்கள் என்று கணக்கிடுகிறார்கள். வெடித்த அன்றே போனவர்கள் பலர்; தீக்காயத்திலும் கதிர்வீச்சிலும் நாள்கணக்கில், வாரக்கணக்கில் வதைபட்டுப் போனவர்கள் இன்னும் பலர்.

கூடங்குளம் நம் மாவட்டத்தில் இருப்பதால் ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அணு உலையும் அணுகுண்டும் ஒன்றல்ல. உலைக்குப் போடும் யுரேனியத்தில் பிளவுபடக்கூடிய வகை நூற்றுக்கு நாலைந்து பங்குதான் இருக்கும்; குண்டுக்கு அது நூற்றுக்குத் தொண்ணூறு அளவில் வேண்டும். உலையில் விபத்து நடக்கலாம், கதிர்வீச்சு கசியலாம், அந்தப் பயத்தில் நியாயம் உண்டு. ஆனால் அது ஹிரோஷிமாக் குண்டைப்போல் வெடிக்காது.

சரி, வல்லரசுப் போட்டிக்கு வருவோம். நாலு வருஷம் அமெரிக்காவிடம் மட்டுமே குண்டு இருந்தது. 1949 ஆகஸ்ட் 29 அன்று சோவியத் யூனியனும் வெடித்துக் காட்டியது. அதற்குப் பின் இரு தரப்பும் அதைவிடப் பல மடங்கு வலிய ஹைட்ரஜன் குண்டுக்குப் போயின. 1961 அக்டோபர் 30 அன்று ஆர்க்டிக் தீவான நோவயா ஸெம்லியாவுக்கு மேலே சோவியத் வெடித்துப் பார்த்த குண்டு சுமார் 50 மெகா டன் (ஒரு மெகா டன் என்பது ஆயிரம் கிலோ டன்); ஹிரோஷிமாக் குண்டைப்போல் மூவாயிரம் மடங்குக்கும் மேல். 1980-களின் நடுவில் உலகத்தில் இருந்த அணுகுண்டுகள் எல்லாம் சேர்த்துச் சுமார் 70,000. உலகத்தின் பெரிய நகரங்களுக்கெல்லாம் ஆளுக்கொன்றாகப் போட்டாலும் மிச்சம் இருந்திருக்கும்.

இவ்வளவு இருந்தும் ஏன் ஒருவர்மேல் ஒருவர் போடவில்லை? இதைப் புரிந்துகொள்ள நம் களத்து மேட்டுக்கு வாருங்கள்.

பிசான அறுப்பு முடிந்ததும் களத்தோரம் வைக்கோல்படப்பு போடுவோம். வருஷம் முழுக்க மாட்டுக்கு அதுதான் தீவனம். பகையாளிகள் இரண்டு பேரின் படப்புகள் அடுத்தடுத்து நிற்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். இருவர் மடியிலும் தீப்பெட்டி இருக்கிறது. "என் படப்புல தீ வச்சேன்னா ஒன் படப்பும் மிஞ்சாது" என்று இருவரும் சொல்லி வைத்திருக்கிறார்கள். இவனுக்கு அவன்மேல் கோபம் தீரவில்லை. அவனும் நல்லவனாகிவிடவில்லை. ஆனாலும் இருவரும் கை வைக்காமல் இருக்கிறார்கள், தன் படப்பு போய்விடும் என்பதால். அணு ஆயுதத் தடுப்பாற்றல் என்றும் டிடெரன்ஸ் என்றும் செய்திகளில் வருவது இதுதான். அடித்தால் திருப்பி அடி விழும், அது தாங்க முடியாத அடியாக இருக்கும் என்ற பயத்தாலேயே முதல் அடி விழாமல் தடுப்பது.

கேட்கும்போது எளிதாகத்தான் இருக்கிறது. சிக்கல் இனிமேல்தான்.

ஒருவன் ராத்திரியோடு ராத்திரியாக வந்து, எதிராளி வீட்டுத் தீப்பெட்டியை எல்லாம் நனைத்துவிட்டு, அதன்பிறகு படப்பில் தீ வைத்தால்? திருப்பிக் கொளுத்த இவனிடம் ஒன்றும் இருக்காது. அப்படி ஒன்று நடக்கக்கூடும் என்ற நினைப்பு வந்துவிட்டாலே போதும், இருவருக்கும் தூக்கம் போய்விடும். "அவன் என் தீப்பெட்டியை நனைக்கிறதுக்கு முந்தி நான் முந்திக்கிடணும்" என்று தோன்றும். சண்டைக்கு விருப்பமே இல்லாதவனையும் முதல் அடி அடிக்கத் தள்ளுவது இந்தப் பயம்தான். ஏவுகணைகள் வந்தபின் இந்தப் பயம் பல மடங்கானது. அமெரிக்காவிலிருந்து ரஷ்யாவுக்கோ ரஷ்யாவிலிருந்து அமெரிக்காவுக்கோ கண்டம் தாண்டும் ஏவுகணை போய்ச் சேர அரை மணி நேரம் போதும். கடலில் கிட்டே நிற்கும் நீர்மூழ்கியிலிருந்து ஏவினால் அதில் பாதி நேரம்கூட ஆகாது. ஒரு நாட்டின் தலைவர் யோசித்து முடிவெடுக்கக் கிடைப்பது சில நிமிடங்கள்.

இதற்கு மருந்தாக இரு தரப்பும் கண்டுபிடித்ததுதான் தீப்பெட்டியை ஒளித்து வைப்பது. எதிராளி என்ன செய்தாலும் எட்டாத ஓர் இடத்தில் ஒரு பெட்டியை வைத்துவிட்டால், அவன் முந்துவதில் லாபம் இல்லை. முந்தமாட்டான் என்று தெரிந்தால் நானும் அவசரப்பட வேண்டியதில்லை. உலகத்தில் அப்படி ஒளிக்கத் தோதான இடம் கடல். வாரக்கணக்கில் மேலே வராமல் ஆழத்தில் திரியும் அணுசக்தி நீர்மூழ்கியை மேலிருந்து கண்டுபிடிப்பது மிகவும் கடினம். அதில் இருக்கும் ஏவுகணைகள் முதல் அடிக்குத் தப்பி நிற்கும். இதை இரண்டாம் தாக்குதல் திறன் என்பார்கள்.

இதே கணக்கில் இன்னொரு விஷயம் உண்டு. நான் முதலில் படித்தபோது நம்ப முடியாமல் இரண்டு தடவை படித்தேன். 1972-இல் அமெரிக்காவும் சோவியத்தும், வரும் ஏவுகணைகளைத் தடுத்து வீழ்த்தும் அமைப்புகளைக் கட்டமாட்டோம், மிகச் சிறிய அளவோடு நிறுத்திக்கொள்வோம் என்று ஒப்பந்தம் போட்டன. தற்காப்பைத் தானே குறைத்துக்கொள்வதா? படப்புக்குத் திரும்புங்கள். ஒருவன் தன் படப்பின்மேல் மட்டும் தகரக் கூரை போட ஆரம்பித்தால், பக்கத்துக்காரன் என்ன நினைப்பான்? "கூரை முடிஞ்சதும் என் படப்பைக் கொளுத்தப் போறான்" என்றுதான். கூரை முடிவதற்குள் தான் முந்தப் பார்ப்பான், இல்லையென்றால் தகரத்தையும் துளைக்கும் அளவுக்குத் தீப்பந்தங்களைச் சேர்ப்பான். ஒருவனின் காப்பு அடுத்தவன் கண்ணுக்குத் தாக்குதலுக்கான ஆயத்தமாகத் தெரிவதுதான் ஆயுதப் போட்டியின் வேர். 2002-இல் அமெரிக்கா அந்த ஒப்பந்தத்தை விட்டு விலகியது. அதன் விளைவுகளை இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

இனி, கம்பங்கள். தீப்பெட்டியைக் கடலுக்குள் ஒளித்துவிட்டோம். அதை வைத்திருப்பவனிடம் எப்படிப் பேசுவது? வானொலி, செல்போன் அலைகள் எல்லாம் உப்புத் தண்ணீருக்குள் இறங்கியதும் அடங்கிவிடும். அலையின் நீளம் மிகப் பெரியதாக இருந்தால்தான் கொஞ்சம் ஆழம் இறங்கும். பத்துக் கிலோமீட்டர், அதற்கும் மேல் நீளமுள்ள அலைகள் அவை. மிகத் தாழ்ந்த அதிர்வெண் என்று இதைச் சொல்வார்கள். அவ்வளவு நீள அலையைக் கிளப்ப மிக உயரமான கம்பங்களும் பரந்த நிலமும் வேண்டும். விஜயநாராயணத்தில் கடற்படை 1990-இல் நிலையத்தைத் தொடங்கியதும், 2014-இல் புதிய வசதியைச் சேர்த்ததும் இதற்காகத்தான். இந்த அலையில் குரல் போகாது. சுருக்கமான எழுத்துச் செய்திதான் மெதுவாகப் போகும். போக்கு மட்டும்தான், வரத்து கிடையாது. கப்பல் பதில் சொல்ல வேண்டுமென்றால் மேலே வந்து வேறு வழியில்தான் சொல்ல வேண்டும். சொன்னால் தான் இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுத்ததாகிவிடும்.

அக்கா மகள் உடனே கேட்டாள். "செய்தி வராமப் போச்சுன்னா உள்ள இருக்குறவங்க என்ன நெனப்பாங்க?"

இந்தக் கேள்வியைப் பெரிய பெரிய ராணுவத் தலைமைகள் 1962-இல் கேட்டிருக்க வேண்டும்.

அந்த அக்டோபரில் சோவியத், அமெரிக்காவின் வாசலில் இருக்கும் கியூபாவில் அணு ஏவுகணைகளை ரகசியமாக நிறுவியது. அமெரிக்கா ஏற்கெனவே சோவியத்தின் வாசலான துருக்கியில் நிறுவியிருந்தது. உளவு விமானம் எடுத்த படங்கள் அக்டோபர் 16 அன்று அமெரிக்க அதிபர் கென்னடியின் மேசைக்கு வந்தன. 28 வரை பதின்மூன்று நாள் உலகம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. அந்த நாள்களில் இரு வல்லரசுகளும் பேசிக்கொண்ட விதத்தைக் கேட்டால் நெஞ்சு பதறும். 26-ஆம் தேதி சோவியத் தலைவர் குருஷேவ் எழுதிய நீண்ட கடிதம் வாஷிங்டனில் முழுமையாகப் படிக்கக் கிடைக்கப் பாதி நாள் ஆனது. வாஷிங்டனில் இருந்த சோவியத் தூதர் டோப்ரினின், மாஸ்கோவுக்குத் தந்தி அனுப்ப வேண்டுமென்றால் தந்தி நிறுவனத்துக்குப் போன் செய்வாராம். ஒரு பையன் சைக்கிளில் வந்து வாங்கிப் போவானாம். அவன் வழியில் எங்கும் நிற்காமல் போகவேண்டுமே என்று வேண்டிக்கொண்டதாக அவரே பிற்பாடு நினைவுகூர்ந்திருக்கிறார். கடைசியில், ஏவுகணைகளை எடுத்துக்கொள்கிறோம் என்ற பதிலை குருஷேவ் மாஸ்கோ வானொலியிலேயே வாசிக்க வைத்தார். வேறு வழியில் அனுப்பினால் போய்ச் சேர நேரமாகிவிடும் என்ற பயம்.

கடலுக்குள் நிலைமை இன்னும் மோசம். அக்டோபர் 27 அன்று பி-59 என்ற சோவியத் நீர்மூழ்கி கியூபா அருகே அமெரிக்கப் போர்க்கப்பல்களிடம் சிக்கியிருந்தது. ஆழத்தில் இருந்ததால் மாஸ்கோவின் செய்தி எதுவும் கிடைக்கவில்லை. மின்கலம் தீர்ந்துகொண்டிருந்தது, உள்ளே தாங்க முடியாத வெக்கை. மேலே வரச்சொல்லி எச்சரிக்க அமெரிக்கர்கள் சிறு வெடிகளைப் போட்டார்கள். உள்ளே இருந்தவர்களுக்கு அது எச்சரிக்கை என்று தெரியாது. மேலே போர் தொடங்கிவிட்டதோ என்னவோ. அந்தக் கப்பலில் அணுகுண்டு பொருத்திய டார்பிடோ, அதாவது தண்ணீருக்குள் பாய்ந்து கப்பலைத் தாக்கும் ஆயுதம், ஒன்று இருந்தது. அமெரிக்கர்களுக்கு அதுவும் தெரியாது. கேப்டன் சவீட்ஸ்கி ஆத்திரத்தில் அதைத் தயார் செய்யச் சொன்னதாகவும், உடனிருந்த மூத்த அதிகாரி வசீலி அர்ஹிப்போவ் அவரை அமைதிப்படுத்தியதாகவும் கப்பலில் இருந்தவர்கள் பல ஆண்டு கழித்துச் சொன்னார்கள். கப்பல் மேலே வந்தது. போர் எதுவும் தொடங்கியிருக்கவில்லை.

இதற்குச் சில வாரங்கள் முன்புதான் நம் ராஜாஜி கென்னடியைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். 83 வயதில், காந்தி சமாதான நிறுவனத்தின் குழுவோடு, அணுகுண்டுச் சோதனைகளை நிறுத்துங்கள் என்று கேட்கப் போனார்.  அடுத்த ஆண்டு ஆகஸ்டில் நிலத்துக்கு மேலும் வானிலும் கடலிலும் சோதனை கூடாது என்ற ஒப்பந்தம் மாஸ்கோவில் கையெழுத்தானது. அதற்குப் பல காரணங்கள் உண்டு. ஆனாலும் அந்த முதியவர் கிளம்பிப் போனதை நான் பெரிதாகவே நினைக்கிறேன். அதே 1963-இல்தான் வாஷிங்டனுக்கும் மாஸ்கோவுக்கும் நேரடி இணைப்பு போட்டார்கள். சினிமாவில் காட்டும் சிவப்புப் போன் அல்ல அது, எழுத்தாக அடித்து அனுப்பும் டெலிபிரிண்டர். குரலில் கோபம் ஏறும், மொழிபெயர்ப்பில் தவறு வரும். எழுத்து என்றால் நிதானமாகப் படிக்கலாம்.

இணைப்பு போட்டதால் ஆபத்து போய்விடவில்லை. 1983 செப்டம்பர் 26 நள்ளிரவில், மாஸ்கோவுக்குத் தெற்கே ஒரு கண்காணிப்பு மையத்தில் ஸ்தானிஸ்லாவ் பெத்ரோவ் பணியில் இருந்தார். அமெரிக்காவிலிருந்து ஏவுகணை கிளம்பிவிட்டது என்று கணினி அலறியது. முதலில் ஒன்று, அப்புறம் நாலு. கொரியப் பயணி விமானம் ஒன்றை சோவியத் சுட்டு வீழ்த்தி 269 பேர் இறந்து ஒரு மாதம்கூட ஆகாத நேரம். இரு தரப்பும் கொதித்துக்கொண்டிருந்தன. பெத்ரோவ் யோசித்தார். போரைத் தொடங்குகிறவன் ஐந்தே ஐந்து ஏவுகணையோடு தொடங்குவானா? மேலிடத்துக்கு இது பொய்யான எச்சரிக்கை என்று சொன்னார். மேகத்தின்மேல் பட்டுத் தெறித்த வெயிலைச் செயற்கைக்கோள் ஏவுகணைத் தீயாக எடுத்துக்கொண்டது என்று பிறகு தெரியவந்தது. 1995 ஜனவரியில் நார்வே ஒரு ஆராய்ச்சி ராக்கெட்டை விட்டது. முன்கூட்டியே ரஷ்யாவுக்குச் சொல்லியும் இருந்தது. அந்தச் செய்தி ரேடார் பார்ப்பவர்களிடம் போய்ச் சேரவில்லை. அணு ஆயுத உத்தரவுக்கான பெட்டி ரஷ்ய அதிபர் எல்த்சினின் முன்னால் வரை வந்துவிட்டது.

படப்புக் கதையில் ஒன்றைச் சொல்லாமல் விட்டேன். இரண்டு படப்பும் எரிந்தால் புகை அவர்களோடு நிற்காது. நகரங்கள் எரியும் கரி வானத்தின் மேலடுக்குக்குப் போனால் மழைகூட அதைக் கழுவாது. வெயில் குறையும், குளிரும், மழை தப்பும். 1983 முதல் விஞ்ஞானிகள் இதை அணுக் குளிர்காலம் என்று எச்சரித்துவருகிறார்கள். எவ்வளவு கரி, எத்தனை ஆண்டு என்பதில் வாதம் உண்டு. ஆனால் 1815-இல் இந்தோனேசியாவில் தம்போரா எரிமலை வெடித்ததற்கே அடுத்த ஆண்டு ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் கோடை வராமல் பயிர் அழிந்தது. தாமிரபரணிக் கால்வாய்களை நம்பி கார் நெல் நடுகிறவர்களுக்குத் தென்மேற்குப் பருவம் பத்து நாள் தள்ளிப்போனாலே என்ன ஆகும் என்று தெரியும். யாரோ இரண்டு நாடுகளின் சண்டை என்று நாம் ஒதுங்க முடியாதது இதனால்தான்.

இன்று உலகத்தில் சுமார் 12,000 அணுகுண்டுகள். பத்தில் ஒன்பது பங்குக்குக் கொஞ்சம் குறைவாக அமெரிக்காவிடமும் ரஷ்யாவிடமும் இருக்கின்றன. சீனா வேகமாகச் சேர்க்கிறது. அமெரிக்காவும் ரஷ்யாவும் தயார் நிலையில் ஆளுக்கு 1,550 குண்டுக்கு மேல் வைக்கக்கூடாது என்ற புதிய ஸ்டார்ட் ஒப்பந்தத்தின் காலக்கெடு 2026 பிப்ரவரி 5-ஆம் தேதியோடு முடிந்துபோனது. எண்ணிக்கையைவிட, ஒருவர் இடத்துக்கு ஒருவர் போய்ச் சோதித்துப் பார்க்கும் ஏற்பாடு நின்றுபோனதுதான் எனக்குக் கவலை. எதிராளியிடம் என்ன இருக்கிறது என்று தெரியாதபோது மனது இருப்பதைவிட அதிகமாகத்தான் நினைக்கும்.

நம் கதையும் உண்டு. 1998-இல் பொக்ரானில் இந்தியாவும் சாகாயில் பாகிஸ்தானும் வெடித்தன. நாங்கள் முதலில் பயன்படுத்தமாட்டோம் என்பது இந்தியாவின் அறிவிக்கப்பட்ட கொள்கை. அப்படிச் சொல்கிற நாட்டுக்கு முதல் அடியைத் தாங்கி நிற்கும் ஆயுதம் வேண்டும், ஐ.என்.எஸ். அரிஹந்த் நீர்மூழ்கி வந்தது அதற்காக. 2018-இல் அது தன் முதல் ரோந்தை முடித்ததாக அரசு அறிவித்தது. டெல்லிக்கும் இஸ்லாமாபாத்துக்கும் இடையே அரை மணி நேர அவகாசம்கூடக் கிடையாது என்பதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். 2022 மார்ச் 9 அன்று இந்திய ஏவுகணை ஒன்று தவறுதலாகக் கிளம்பி பாகிஸ்தானின் மியான் சன்னு அருகே விழுந்தது. நல்லவேளை, அதில் அணுகுண்டு இல்லை, யாரும் சாகவில்லை. தவறுக்காக மூன்று அதிகாரிகள் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள். ஆனால் தவறுதலாகப் போய்விட்டது என்று இந்தியா வெளிப்படையாகச் சொன்னது 11-ஆம் தேதி. இடையில் போன அந்த நேரம் எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது.

இதற்கு மறுபக்கமாக ஒன்றையும் அவளிடம் சொன்னேன். ஒருவர் அணுசக்தி நிலையங்களை மற்றவர் தாக்கக்கூடாது என்று இந்தியாவும் பாகிஸ்தானும் 1988 டிசம்பர் 31 அன்று ஒப்பந்தம் செய்தன. அதன்படி ஒவ்வொரு ஜனவரி 1 அன்றும் தத்தம் நிலையங்களின் பட்டியலைக் கொடுத்து வாங்கிக்கொள்கிறார்கள். 1992-இல் தொடங்கியது. கார்கிலில் ரத்தம் சிந்திய ஆண்டைத் தாண்டியும், பாலாகோட்டைத் தாண்டியும் நிற்கவில்லை.

திசையன்விளை பஸ் ஸ்டாண்டு வந்துவிட்டது. பையை எடுத்துக்கொண்டே கேட்டாள். "அப்போ அந்தப் பேப்பர்ல நம்ம கூடங்குளமும் இருக்குமா மாமா?"

"மின் நிலையங்களும் அந்த ஒப்பந்தத்துக்குள்ள வரும். இருக்கணும்."

"அவங்க கையிலயே குடுத்துட்டமா?"

"ஆமா. தெரிஞ்சாத்தானே தொடாம இருப்பாக."